தவறவிடும் உரிமை

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 வரும்போது எனக்கு ஒரு நடை நினைவுக்கு வருகிறது. நடுவட்டத்திலிருந்து பெனால்டிப் புள்ளி வரை, ஏறத்தாழ நாற்பது மீட்டர் தொலைவு. 2021-ஆம் ஆண்டு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தின் இறுதிப்போட்டியில், அந்தத் தொலைவைப் புகாயோ சாகா நடந்தார். அப்போது அவருக்கு வயது 19.

பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன தொடர் அது. நடந்தது 2021-இல், பெயர் மட்டும் யூரோ 2020 என்றே நிலைத்துவிட்டது. நமக்கு நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கிய ஆட்டம், மூன்று மணியைக் கடந்தும் முடியவில்லை. பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்ட எங்கள் விடுதியில் எஞ்சியிருந்த ஆய்வு மாணவர்கள் நான்கு பேர், ஒரு மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தோம். மலப்புறத்து நண்பர் ஒருவர், வங்காளத்தவர் ஒருவர், தெலங்கானாவைச் சேர்ந்தவர் ஒருவர், நான். இருவர் இத்தாலியின் பக்கம், இருவர் இங்கிலாந்தின் பக்கம். சாகா நடக்கத் தொடங்கியதும் அறையில் கட்சி இல்லாமல் போயிற்று. மலப்புறத்து நண்பர் மெல்லச் சொன்னார்: இந்தப் பந்து உள்ளே போகாவிட்டால் இந்தப் பையனை என்ன செய்யப்போகிறார்களோ என்று. அவர் இத்தாலியின் ரசிகர்.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு நாள்கூட வாழ்ந்திராத நான்கு பேருக்கும் அது புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடங்கள் முடிவதற்குள் லூக் ஷா இங்கிலாந்துக்காகக் கோல் அடித்தார். ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டிகளின் வரலாற்றில் அதுவே மிக விரைவான கோல். 67-ஆம் நிமிடத்தில் இத்தாலியின் பொனுச்சி சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு கிட்டாமல் பெனால்டி ஷூட் அவுட் வந்தது. அதற்கென்றே மார்கஸ் ராஷ்ஃபோர்டும் ஜேடன் சாஞ்சோவும் கடைசி நிமிடத்தில் களமிறக்கப்பட்டனர். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சாஞ்சோவின் பந்தை டொன்னரும்மா தடுத்தார். கடைசியாகச் சாகாவின் பந்தையும் அவரே தடுத்தார். இத்தாலி 3-2 என்று வென்றது.

இங்கே ஒரு சிறு கணக்கை நினைவில் வைக்கவேண்டும். அன்று உதைக்கப்பட்ட பத்துப் பெனால்டிகளில் ஐந்து கோலாகவில்லை. மூன்று இங்கிலாந்தினுடையவை, மற்ற இரண்டு இத்தாலியின் பெலோட்டியும் ஜார்ஜினியோவும் உதைத்தவை. அவ்விரண்டையும் இங்கிலாந்தின் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு தடுத்தார். ஜார்ஜினியோ தன் பந்தைக் கோலாக்கியிருந்தால் சாகா நடந்திருக்கவே வேண்டியதில்லை. ஆக, தவறவிடுவது அந்த இரவில் அரிய நிகழ்வாக இல்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு நேர்ந்த பொதுவான நிகழ்வு அது.

அடுத்த சில மணி நேரத்தில் நடந்ததை உலகமே பார்த்தது. ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா மூவரின் சமூக ஊடகப் பக்கங்களிலும் குரங்குப் படங்களும் இன வசைகளும் ‘உன் நாட்டுக்குப் போ’ என்னும் கட்டளைகளும் குவிந்தன. சாகா பிறந்தது லண்டனில். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். சாஞ்சோவும் லண்டனில் பிறந்தவர். பெற்றோரின் வேர் டிரினிடாட் டொபேகோவில். ராஷ்ஃபோர்டு மான்செஸ்டரின் மைந்தர். ‘உன் நாடு’ என்று எதைச் சொன்னார்கள் என்பதை வசைபாடியவர்களும் அறிந்திருக்கமாட்டார்கள். மாலை எட்டு மணிக்கு இங்கிலாந்தாக இருந்தவர்கள், இரவு பதினொரு மணிக்கு வந்தேறிகள் ஆனார்கள்.

‘வசைபாடியவர்கள் முகமற்ற சில விஷமிகள், அவர்களைக் கொண்டு ஒரு சமூகத்தை எடைபோடலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விடை அந்த ஆறுதலைத் தரவில்லை. அப்போது ட்விட்டர் எனப்பட்ட தளம், இறுதிப்போட்டியின்போதும் அதற்கடுத்த 24 மணி நேரத்திலுமாக 1,622 பதிவுகளை நீக்கியதாக அறிவித்தது. நீக்கப்பட்ட பதிவுகளில் மிகுதியானவை பிரிட்டனிலிருந்தே வந்தவை என்றும், அத்தொடரை ஒட்டி நிரந்தரமாக முடக்கப்பட்ட கணக்குகளில் 99 விழுக்காட்டின் உரிமையாளர்கள் அடையாளம் காணத்தக்கவர்களே என்றும் அது சொன்னது. அதாவது முகமூடி தேவைப்படவில்லை. தன் முகத்தோடே சொல்லக்கூடிய ஒன்றாக அவர்களுக்கு அது தோன்றியிருக்கிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு, இதுவே வலுவானது. ‘பெனால்டியைத் தவறவிட்ட எவனையும் ரசிகர்கள் விட்டுவைத்ததில்லை. 1994-இல் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ பட்ட பாடு தெரியாதா? இதில் நிறத்தை ஏன் நுழைக்கிறீர்கள்?’ என்பது அது.

பாஜியோவையே எடுத்துக்கொள்வோம். 1994 ஜூலை 17, கலிபோர்னியாவின் பாசடேனா நகரில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. எதிரணி பிரேசில். பாஜியோவின் பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது, கோப்பை கைநழுவியது. அதற்கு முன்பே அவருடைய அணித்தோழர்கள் பரேசியும் மசாரோவும் தவறவிட்டிருந்தார்கள் என்பது மறந்துபோயிற்று. பாஜியோவின் குனிந்த தலை மட்டும் படமாக நின்றது. அவருடைய வேதனை உண்மையானது, நெடுங்காலம் நீடித்தது. ஆயினும் பாஜியோ இத்தாலியரா என்று எவரும் ஐயுறவில்லை. அவரைப் போன்றவர்களை அணியில் சேர்க்கலாமா என்று எவரும் கேட்கவில்லை. ‘போன்றவர்கள்’ என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. பாஜியோ பாஜியோவாக மட்டுமே தோற்றார்.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021-இல் இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக இருந்த கேரத் சவுத்கேட், 1996-இல் அதே வெம்ப்ளியின் பழைய மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர். அந்தத் தோல்வியை அவர் பல்லாண்டு சுமந்தார் என்பது உண்மை. ஆனால் சுமந்தது எவ்வாறு? அந்த ஆண்டே ஒரு பீட்சா விளம்பரத்தில் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு தன்னைத்தானே கேலி செய்து நடித்தார். நாடு சிரித்தது. பின்னர் அதே நாட்டின் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அவர் தவறவிட்டது ஒரு நகைச்சுவையாக மாறி, பிறகு ஒரு பாடமாக மாறி, கடைசியில் தகுதியாகவே மாறிவிட்டது. 2021 இரவில் பொறுப்பை முழுவதுமாகத் தன்மேல் ஏற்றுக்கொண்டவரும் அவரே. பயிற்சியில் கண்டதை வைத்து உதைப்பவர்களைத் தேர்ந்தது தன் முடிவு என்றார். அந்த நேர்மையைப் பாராட்டவேண்டும். ஆனால் அவர் கேட்டு வாங்கியும் பழி அவரிடம் போய்ச் சேரவில்லை.

மூன்றாவதாக, அணித்தலைவர் ஹாரி கேன். 2022 டிசம்பர் 10, கத்தாரில் உலகக் கோப்பைக் காலிறுதி. பிரான்சுக்கு எதிராக 2-1 என்று பின்தங்கியிருந்த நேரத்தில் கிடைத்த பெனால்டியைக் கேன் கம்பத்துக்கு மேலே அடித்தார். இங்கிலாந்து வெளியேறியது. கேனின் தந்தை அயர்லாந்திலிருந்து வந்தவர். ‘அயர்லாந்துக்குப் போ’ என்று இங்கிலாந்து அவரை நோக்கிக் கூவவில்லை. கூவவேண்டும் என்று நான் விரும்பவில்லை; எவரையும் நோக்கிக் கூவாத நாடே நல்ல நாடு. பெற்றோரின் பிறப்பிடம் ஒருவருக்கு வாழ்க்கைக் குறிப்பாகவும் இன்னொருவருக்குக் குற்றப்பத்திரிகையாகவும் ஆவது எப்படி என்பதே என் கேள்வி.

இந்த மூன்று நிகழ்வுகளையும் 2021-இன் அருகில் வைத்தால் வேறுபாடு இலக்கண அளவிலேயே தெரிகிறது. பாஜியோ, சவுத்கேட், கேன் ஆகியோரைப் பற்றிய ஏச்சு ஒருமையில் இருந்தது: ‘அவன் தவறவிட்டான்.’ சாகா, சாஞ்சோ, ராஷ்ஃபோர்டு பற்றிய ஏச்சு உடனே பன்மைக்குத் தாவியது: ‘இவர்களே இப்படித்தான்.’ முதலாவது விமர்சனம். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் விமர்சனம். 19 வயதுக்காரரிடம் கடைசிப் பெனால்டியைக் கொடுத்திருக்கலாமா, நெடுநேரம் வெளியே அமர்ந்திருந்த இருவரைப் பெனால்டிக்காக மட்டும் இறக்கியது சரியா என்று கேட்பதில் இனவெறி ஏதுமில்லை. கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் அவை. இரண்டாவதோ விமர்சனமே அன்று. குடியுரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அறிவிப்பு.

ஒருவர் ஒரு நாட்டுக்கு முழு உரிமையாளரா என்பதை எப்படி அறிவது? கடவுச்சீட்டைக் கொண்டோ, வெற்றி நாளில் அவர் தோளில் போர்த்தப்படும் கொடியைக் கொண்டோ அறிய முடியாது. அவருக்குத் தவறவிடும் உரிமை இருக்கிறதா என்பதைக் கொண்டே அறியவேண்டும் என்பது என் துணிபு. தான் தவறவிட்டது தன்னோடு முடிந்துபோகும், தன் தாய் தந்தையையோ தன் தெருவையோ தன் இனத்தையோ சாட்சிக் கூண்டில் ஏற்றாது என்ற உறுதியே அந்த உரிமை. அது உள்ளவர் தனிமனிதர். இல்லாதவர் எப்போதும் ஒரு மாதிரி மட்டுமே. ஆய்வுக்கூடத்தில் எடுத்த ஒரு துளியைக் கொண்டு முழுக் குருதியையும் மதிப்பிடுவதுபோல அவரைக் கொண்டு அவருடைய கூட்டத்தையே மதிப்பிடுவார்கள்.

இது 2021-இல் முளைத்ததன்று. 1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். அவ்வுலகக் கோப்பையில் முறையான இறுதிப்போட்டி கிடையாது. நான்கு அணிகளின் கடைசிச் சுற்றில் கடைசி ஆட்டமே இறுதிப்போட்டியாக அமைந்தது. பிரேசிலுக்குச் சமநிலையே போதும். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் திரண்டிருந்தனர். பிரேசில் முதலில் கோல் அடித்தது. உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79-ஆம் நிமிடத்தில் கிஜ்ஜியா அடித்த பந்து, கோல்கீப்பர் மோவாசிர் பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே நுழைந்தது. 2-1.

பதினொருவர் ஆடிய ஆட்டத்தின் தோல்வி மூன்று பேரின் தலையில் இறங்கியது: பார்போசா, பிகோடி, ஜுவெனால். மூவரும் கறுப்பினத்தவர் அல்லது கலப்பினத்தவர். பிரேசிலின் கால்பந்து எழுத்தாளர் மரியோ ஃபில்யோ, பிரேசில் கால்பந்தில் கறுப்பின மனிதரின் இடம் குறித்த தம் நூலின் 1964-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைக் குறிப்பிட்டே எழுதினார். பார்போசா 2000-ஆம் ஆண்டில் இறக்கும் வரை அந்த ஒற்றைக் கோலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேசிலில் கொடுங்குற்றத்துக்கே முப்பது ஆண்டுகள்தாம் தண்டனை, தான் ஐம்பது ஆண்டுகளாக அனுபவித்துக்கொண்டிருப்பதாக அவர் வருந்தியது பலரும் அறிந்தது. 1993-இல் தேசிய அணியின் பயிற்சியைக் காண வந்தவரை, துரதிர்ஷ்டம் தொற்றிக்கொள்ளும் என்று திருப்பி அனுப்பினர். தண்டனை அவரோடும் முடியவில்லை. உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல்நிலைக் கோல்கீப்பராக மீண்டும் ஒரு கறுப்பினத்தவர் நிற்க 2006 வரை, தீதா வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கறுப்பினக் கோல்கீப்பரை நம்பமுடியாது என்ற முணுமுணுப்பு அரைநூற்றாண்டு காலம் உயிரோடு இருந்தது. ஒரு மனிதரின் ஒரு நொடித் தவறு, பன்மையாகித் தலைமுறைகளைக் கடந்த கதை இது.

ஜெர்மனியின் மெசுட் ஓசில் 2018-இல் தேசிய அணியை விட்டு விலகியபோது, வென்றால் தான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று சொன்னார். 2022 கத்தார் இறுதிப்போட்டி 3-3 என்று முடிந்து, பெனால்டியில் அர்ஜென்டினா பிரான்சை வென்றபோது, பந்தைத் தவறவிட்ட கிங்ஸ்லி கோமானின் பக்கத்தில் மீண்டும் அதே படங்கள், அதே சொற்கள். நாடுகள் மாறுகின்றன, வாக்கியம் மாறுவதில்லை.

எங்கள் விடுதி அறைக்குத் திரும்புகிறேன். நான்கு பேருக்கும் முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? விடை சில வாரங்களிலேயே, வேறொரு விளையாட்டின் வழியாக, நம் நாட்டிலேயே கிடைத்தது. அந்த இறுதிப்போட்டி முடிந்து நான்கு வாரம் ஆகவில்லை. 2021 ஆகஸ்ட் 4, டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றது. அன்று மாலை, அணியின் முன்கள ஆட்டக்காரர் வந்தனா கட்டாரியாவின் வீட்டெதிரே, ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத் கிராமத்தில், சிலர் பட்டாசு வெடித்து ஆடினார்கள் என்றும், தலித்துகள் மிகுதியாகச் சேர்ந்ததால்தான் அணி தோற்றது என்று சாதி வசை பாடினார்கள் என்றும் குடும்பத்தினர் புகார் அளித்தனர். வழக்குப் பதிவாகிக் கைதுகளும் நடந்தன. வந்தனா, நான்கு நாள் முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் அச்சாதனையைச் செய்த முதல் இந்தியப் பெண் ஆகியிருந்தார். அந்த ஆண்டு மே மாதத்தில் தந்தை இறந்தபோது, பயிற்சி முகாமிலிருந்து அவரால் ஊருக்குச் செல்ல இயலவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 24, துபாய். இருபது ஓவர் உலகக் கோப்பையில் பாகிஸ்தான் இந்தியாவைப் பத்து விக்கெட் வேறுபாட்டில் வென்றது. பத்து விக்கெட் என்றால், பந்து வீசிய எவராலும் ஒரே ஒரு விக்கெட்டைக்கூட எடுக்க இயலவில்லை என்று பொருள். இருந்தும் தேசப்பற்று குறித்த விசாரணை முகமது ஷமி ஒருவருக்கே நடந்தது. அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். அதற்காக அவரும் ஏச்சு வாங்கினார்.

ஆகவே வெம்ப்ளியில் நடந்ததைப் பார்த்து ‘ஐரோப்பாவின் நோய்’ என்று தலையசைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. நிறம் இருந்த இடத்தில் இங்கே சாதியும் மதமும் இருக்கின்றன. வாக்கியத்தின் அமைப்பு அதேதான். எங்கள் நால்வருக்கும் அந்த வாக்கியம் தாய்மொழியைப்போலப் பழகியிருந்தது.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் மாணவர்களும் என்பதால், மைதானத்தை விட்டு நம் வகுப்பறைக்குள் வருகிறேன். முதுகலை படித்த காலத்தில், ஒரு கருத்தரங்கில் என் வகுப்புத் தோழர் ஒருவர் கட்டுரை வாசித்தார். தம் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஆங்கிலத்தில் வாசித்தவர் ஒரு கேள்விக்குத் தடுமாறி, தாள்களைப் புரட்டி, விடை சொல்லாமலே அமர்ந்தார். வெளியே நடைவழியில் ஒருவர் சொன்னார்: ‘இவர்களையெல்லாம் உள்ளே விட்டால் இப்படித்தான்.’ அதற்கு முந்தைய வாரம், படித்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இதைவிட மோசமாகத் தடுமாறியிருந்தார். அவரைப் பற்றி அதே நபர் சொன்னது: ‘பாவம், உடம்பு சரியில்லை போலிருக்கிறது.’ ஒருவருக்கு ஒருமை, காய்ச்சல், பரிவு. இன்னொருவருக்குப் பன்மை, பிறப்பு, தீர்ப்பு. நானும் அந்த நடைவழியில் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தோழர் அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் கருத்தரங்கில் வாய் திறக்கவில்லை. என் மௌனத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று இன்றும் எண்ணுகிறேன்.

இதன் விளைவு ஒருவருடைய மனவருத்தத்தோடு நிற்பதில்லை. தவறவிடும் உரிமை இல்லாதவர் கடினமான உதையை எடுக்கத் தயங்குவார். ஆய்வுலகில் இதைக் கண்முன்னே காண்கிறோம். ஆய்வு என்பதே தவறிப் பார்க்கும் தொழில். கருதுகோள் பொய்த்துப்போவதும், ஓராண்டு உழைப்பு ஒன்றுக்கும் உதவாமல் போவதும் அதன் அன்றாடம். ஆனால் தன் தோல்வி தன்னுடையதாக மட்டும் இராது, ‘இவர்களுடைய’ தோல்வியாக எழுதப்படும் என்று அறிந்த மாணவர், துணிவான கேள்வியை விட்டுவிட்டுப் பாதுகாப்பான தலைப்பைத் தேர்கிறார். பிறகு அவருடைய ஆய்வில் துணிவில்லை என்று நாமே குறிப்பெழுதுகிறோம். தகுதி என்று நாம் போற்றுவதில் ஒரு பெரும் பங்கு, சிலருக்கு மட்டும் வழங்கப்பட்ட தவறவிடும் உரிமையின் விளைச்சல்தான். பலமுறை தவறி, பழியின்றி எழுந்து, மீண்டும் முயலும் வாய்ப்பே தேர்ச்சியை உண்டாக்குகிறது. சவுத்கேட் அதற்குச் சான்று.

இங்கே நம் பக்கத்தவர் செய்யும் பிழையையும் சொல்லவேண்டும். 2021 இரவுக்குப் பின், மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியம் சிதைக்கப்பட்டது. அந்தக் கிறுக்கலில் இனவசை இருந்ததாகத் தெரியவில்லை என்று காவல்துறை பின்னர் சொன்னது. எனினும் ஊர் மக்கள் வந்து, சிதைந்த இடத்தை அன்புக் கடிதங்களாலும் இதயங்களாலும் மூடினார்கள். நெகிழ்ச்சியான காட்சி. அவர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது, 2020-இல் அவர் போராடி அரசைப் பணியவைத்து, கோடை விடுமுறையில் ஏழைக் குழந்தைகளுக்கு உணவுச் சீட்டு கிடைக்கச் செய்ததுதான். ஏறத்தாழ 13 லட்சம் குழந்தைகளுக்கு உதவிய செயல் அது. வந்தனாவுக்காகப் பேசியவர்களும் அவருடைய மூன்று கோல்களையே முன்வைத்தார்கள். மேலே நானும் அதையே செய்தேன்.

அன்பு உண்மையானது; ஆனால் வாதம் ஆபத்தானது. ராஷ்ஃபோர்டு எந்தக் குழந்தைக்கும் உணவளிக்காதவராக இருந்திருந்தால்? வந்தனா தொடர் முழுவதும் ஒரு கோலும் அடிக்காதவராக இருந்திருந்தால்? அப்போது அந்த வசை ஏற்கத்தக்கதாகிவிடுமா? சிறப்பானவர்களை மட்டும் காக்கும் வாதம், சாதாரணமானவர்களைக் கைவிட்டுவிடுகிறது. சாகா 2024 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், சுவிட்சர்லாந்துக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பில் சமன் செய்யும் கோலை அடித்து, பின் ஷூட் அவுட்டிலும் தவறாமல் உதைத்தபோது, கடன் தீர்ந்தது என்று எழுதினார்கள். நானும் அன்று மகிழ்ந்தேன். ஆனால் எந்தக் கடன்? யாருக்குப் பட்ட கடன்? பெனால்டியைத் தவறவிட்டதற்காக அவர் எவருக்கும் எதுவும் கடன்படவில்லை. அன்றும் தவறவிட்டிருந்தாலும் அவர் அதே அளவு லண்டன்காரர்தான்.

ராஷ்ஃபோர்டு தம் அறிக்கையில் இதைத் தெளிவாகவே பிரித்தார். பெனால்டிக்காக வருந்தினார், தாம் யார் என்பதற்காகவும் எங்கிருந்து வந்தோம் என்பதற்காகவும் ஒருபோதும் மன்னிப்புக் கோரமாட்டேன் என்றார். சாகாவோ, பந்து தடுக்கப்பட்ட கணமே எத்தகைய வெறுப்பு வரப்போகிறது என்று தமக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதினார். அந்த வரியைப் படித்தபோது எங்கள் அறை நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்திருந்தது.

பழி சொல்பவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அத்தொடருக்கு முன், இனவெறிக்கு எதிராக இங்கிலாந்து வீரர்கள் முழந்தாளிட்டபோது, சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரே கூச்சலிட்டார்கள். உள்துறை அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் அந்தச் செயலை வெற்றுச் சைகை அரசியல் என்றார். கூச்சலிடுவது ரசிகர்களின் விருப்பம் என்றார். இறுதிப்போட்டிக்குப் பின் இனவசையை அவர் கண்டித்தபோது, அணியின் டைரோன் மிங்ஸ், தொடக்கத்தில் தீயை மூட்டிவிட்டு இப்போது அருவருப்படைவதாகப் பாவனை செய்யக்கூடாது என்று பதிலளித்தார். நம் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆண்டு முழுவதும் நடைவழிப் பேச்சைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிட்டு, ஒரு மாணவர் முறிந்துபோன பிறகு இரங்கல் கூட்டம் நடத்துவதில் என்ன பயன்?

நான் முன்வைப்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. அடுத்த முறை உங்கள் துறையில் ஒருவர் தடுமாறும்போது, அவரைப் பற்றிய பேச்சு எந்த எண்ணில் நடக்கிறது என்று கவனியுங்கள். ‘அவர் சரியாகச் செய்யவில்லை’ என்றால் பேசலாம், கடுமையாகவே பேசலாம். நேர்மையான விமர்சனமும் மாணவருக்குரிய உரிமையே. ‘இவர்கள்’ என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மூத்தவர் சொன்னாலும், நண்பர் சொன்னாலும், நகைச்சுவையாகச் சொன்னாலும் நிறுத்துங்கள். அன்று நடைவழியில் நான் செய்யத் தவறியது அதைத்தான்.

ஆகஸ்ட் 6 அன்று வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம் நடந்தது. வீட்டெதிரே நடந்தவை செய்தியாகிவிட்ட நிலையில் வந்தனா களமிறங்கினார். ஒரு கோல் அடித்தார். இந்தியா 4-3 என்று பிரிட்டனிடம் தோற்றது. அந்தக் கோலை அவர் அடிக்காமல் இருந்திருந்தாலும் இக்கட்டுரையில் ஒரு வரிகூட மாறியிருக்காது. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதினேன்.